நாற்பது ஜோடி ஷூவும் ஒரு பிஸ்கட் டின்னும்

போன வாரம் ஷாலினி போன் செய்தாள். நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த பள்ளியில், நான் உட்கார்ந்த அதே நாற்காலியில் இப்போது உட்கார்ந்து எல்.கே.ஜி. எடுக்கிற பெண். நாற்காலி இன்னும் ஆடுகிறதாம்.

"லூர்து மிஸ், புதுப் பாடத்திட்டம் வந்துருக்குது. சின்னப் பசங்கள எழுதவே வைக்கக் கூடாதாம். எல்லாமே வெளையாட்டு வழியாத்தான் சொல்லிக் குடுக்கணுமாம். சரின்னு பாத்தா, அந்த வெளையாட்டுக்கு லெசன் பிளான் எழுதிக் குடுன்றாங்க. வெளையாடறதுக்கு எப்புடி மிஸ் லெசன் பிளான் எழுதறது?"

நான் சிரித்த சிரிப்பில் மருமகள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள். எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தாளாம். ஒன்றும் ஆகவில்லை. பதினெட்டு வருடத்துக்கு முன்பே விளையாட்டுக்கு லெசன் பிளான் எழுதியவள் நான். அதுவும் இரண்டு முறை. முதலாவது, ஆற அமர உட்கார்ந்து எழுதியது, அது ஊத்திக்கொண்டது. இரண்டாவது, இரண்டே நிமிடத்தில் அவசர அவசரமாக எழுதியது. அதனால் ஒரு குழந்தை பள்ளியில் தங்கியது. போனில் சொன்னால் மாளாது என்பதால் ஷாலினிக்காக எழுதியே வைக்கிறேன்.

என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு வருடம் நர்சரி டீச்சர் டிரெய்னிங். பழைய சாக்ஸில் பொத்தான் தைத்து முயல் பொம்மை செய்யவும், கையை ஆட்டிப் பாட்டுப் பாடவும், குழந்தை உட்கார்ந்த இடத்திலேயே மூச்சா போய்விட்டால் முகம் சுளிக்காமல் இருக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாவது மட்டும்தான் கடைசி வரை உதவியது.

பள்ளி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். முத்தியால்பேட்டையில் ஒரு மாடி வீடு. கீழே எல்.கே.ஜி., யு.கே.ஜி., ஆபீஸ். மேலே ஒன்றிலிருந்து ஐந்து வரை. தலைமையாசிரியையும் முதலாளியும் ஒருவரே. ஊரே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும், காய்கறி வண்டிக்காரர் உட்பட. கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவரோடு பிரான்சில் இருந்துவிட்டு, அவர் காலமான பிறகு ஊருக்கு வந்து இந்தப் பள்ளியைத் தொடங்கினார். வெள்ளைப் பருத்திப் புடவை, உள்மணிக்கட்டில் கைக்கடிகாரம், கையில் ஓர் அடி மர ஸ்கேல். அந்த ஸ்கேலால் அவர் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. அது எழுத்துக்கு.

மதாம் திட்ட மாட்டார். கோபம் வந்தால் "அலோர்" என்பார். பிரெஞ்சில் "அப்புறம்?" என்று அர்த்தம். சொல்லிவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குப் பதில் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். திருப்தியானால் "த்ரே பியேன்" என்பார். ரொம்ப நல்லது என்று பொருள். முப்பத்தொரு வருடத்தில் அதை நான் எத்தனை முறை கேட்டேன் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம், ஒரு கை போதும்.

எங்கள் எல்.கே.ஜி. பாடத்திட்டம் மதாம் மூளையில் உதித்தது. ஜூன் மாதம் ஸ்டாண்டிங் லைன், அதாவது நிற்கிற கோடு. ஜூலையில் ஸ்லீப்பிங் லைன், படுத்த கோடு. ஆகஸ்டில் சாய்ந்த கோடு. பிள்ளையார் சதுர்த்தி முடிந்ததும் வளைந்த கோடு. ஆயுத பூஜைக்குள் எழுத்து. நாற்பது குழந்தைகள், நாற்பது நாலுவரி நோட்டு. தினமும் சாயங்காலம் உட்கார்ந்து நாற்பது நோட்டிலும் நான் புள்ளி வைக்க வேண்டும். மறுநாள் குழந்தைகள் அந்தப் புள்ளி மேல் எழுதுவார்கள். அதற்கும் மறுநாள் மதாம் எந்த ஐந்து நோட்டையாவது உருவி, கோட்டுக்குக் கீழே ஸ்கேலை வைப்பார். ஒரு எழுத்தின் கால் அடிவரியைத் தொடாமல் தொங்கினால் போச்சு.

"கால் தரையில படல லூர்து. அலோர்?"

எல்லாக் காலும் தரையில் பட்டிருந்தால்தான் அந்தப் பக்கத்துக்குச் சிவப்புப் பேனாவில் ஸ்டார். ஒன்று தொங்கினாலும் கிடையாது. டீச்சர் எதையாவது அழித்திருக்கிறாளா என்று பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்ப்பார். குழந்தை அழிக்கலாம், டீச்சர் அழிக்கக் கூடாது என்பது அவர் சட்டம். லெசன் பிளான் நோட்டை "காயே" என்பார். அதை மைப் பேனாவில்தான் எழுத வேண்டும்.

இன்னொரு சட்டம் பென்சில் பற்றியது. எல்.கே.ஜி. குழந்தைகள் வீட்டிலிருந்து பென்சில் கொண்டுவரக் கூடாது. ஒருத்தனிடம் யானைத் தலை வைத்த பென்சில், இன்னொருத்தியிடம் துண்டுப் பென்சில் என்று இருக்கக் கூடாதாம். எல்லாரும் சமம். அதனால் பிரான்சிலிருந்து கொண்டுவந்த பெரிய பிஸ்கட் டின்னில் நாற்பது பென்சில். பள்ளி ஆயாம்மா அஞ்சலை அக்கா காலையில் பிளேடால் சீவி, ஆளுக்கு ஒன்றாக எடுத்துக் கொடுப்பார். முடிந்ததும் எண்ணி வாங்கி டின்னில் போடுவார். இதை எல்லாரும் பாராட்டினார்கள். நான்தான் முதலில் பாராட்டினேன்.

எழுதுவது ஏன் இவ்வளவு என்று நீங்கள் கேட்கலாம். கேட் பக்கம் வந்து நின்று பாருங்கள், தெரியும். குழந்தை வெளியே வந்ததும் அம்மாக்கள் கேட்கிற முதல் கேள்வி, சாப்பிட்டியா என்பதில்லை. நோட்டைப் பிடுங்கிப் பக்கத்தை எண்ணுவார்கள். "இன்னா மிஸ், இன்னிக்கு அரப் பக்கந்தான்? எங்க நாத்தனார் பையன் ஸ்கூல்ல மூணு பக்கம் எழுத வைக்கிறாங்க." கனகசெட்டிக்குளத்திலிருந்து வேனில் வரும் குழந்தை பாதித் தூக்கத்தில் இறங்கி, பாதித் தூக்கத்தில் எழுதி, பாதித் தூக்கத்தில் ஏறிப் போகும். அதற்கும் மூன்று பக்கம் வேண்டும்.

விளையாட்டுச் சாமான் இல்லையா என்றால், இருந்தது. மதாம் அறையில் ஒரு பீரோ நிறைய. மரக்கட்டைகள், வளையங்கள், கோக்கும் மணிகள், ஒரு துணிக் கரடி. எல்லாம் பாலித்தீன் உறையில், பூட்டுக்குள். குழந்தைகளிடம் கொடுத்தால் உடைத்துவிடுவார்கள் அல்லவா? வருடத்துக்கு ஒருமுறை, பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க அதிகாரி வரும்போது மட்டும் வெளியே வரும். அதற்கென்று தனியாக ஒரு டைம் டேபிள் இருந்தது. அதில் எழுத்துப் பாடமே கிடையாது. அதிகாரி போனதும் கரடி உறைக்குள் போய்விடும்.

இந்த நிலையில்தான் யாழினி வந்து சேர்ந்தாள்.

அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். தாத்தா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு வீட்டில் இருந்தார். அம்மா வசந்தா ஒரு தையல் கம்பெனியில் வேலை. யாழினி நன்றாகச் சாப்பிடுவாள், நன்றாகப் பாடுவாள், நாற்பது பேர் பெயரையும் முதல் வாரத்திலேயே சொன்னாள். ஆனால் பென்சிலைக் கையில் கொடுத்தால், வாங்கி, ஒரு திருப்பு திருப்பிப் பார்த்து, மெதுவாகக் கீழே வைத்துவிடுவாள். அழுகை இல்லை, அடம் இல்லை. ஏதோ கடையில் துணி பிடிக்கவில்லை என்று வைக்கிற மாதிரி வைப்பாள்.

கொஞ்சினேன், கெஞ்சினேன், மிட்டாய் காட்டினேன். சாக்ஸ் முயலைக்கூட எடுத்துக்கொண்டு வந்து, "முயலுக்கு ஒரு கோடு போட்டுக் குடு" என்றேன். முயலைத் தடவிக் கொடுத்தாளே தவிர, கோடு போடவில்லை. மணலில் விரலால் போடச் சொன்னால் போடுவாள். சாக்பீஸ் புதிதாக எடுத்துக் கொடுத்தால் தரையில் போடுவாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மதாமுக்கு வேண்டியது நோட்டில். நோட்டு ஜூன் மாதம் வாங்கியபடியே வெள்ளையாக இருந்தது.

வசந்தா கேட்டில் நின்று என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கண்ணு ரெண்ட மட்டும் வுட்டுட்டு மிச்சத்த உரிச்சிடுங்க மிஸ். நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்." இப்படிச் சொல்கிற அம்மாவை நம்பிக் குழந்தையின் மேல் விரல் பட்டுவிடக் கூடாது. மறுநாளே சொந்தக்காரர்களைத் திரட்டிக்கொண்டு வருவார்கள். நான் சிரித்துச் சமாளித்தேன்.

தீபாவளி முடிந்ததும் மதாம் நோட்டைப் பார்த்துவிட்டார். வெள்ளைப் பக்கத்தில் ஸ்கேலை வைத்தார். வைத்து என்ன பார்ப்பது?

"அலோர்?"

"பொறுமையாத்தான் வரும் மதாம்."

"பொங்கல் வரைக்கும் பாக்கறேன். ஒரே ஒரு பக்கம் ஸ்டாண்டிங் லைன். அது இல்லன்னா டிசி குடுத்துடலாம். இது நம்மளால ஆவாத கொழந்த. வச்சிக்கிட்டு ஏமாத்தக் கூடாது."

வசந்தாவிடம் சொன்னேன். அவள் அன்றைக்கு உரிப்பதைப் பற்றிப் பேசவில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன ஆறாவதோட நிறுத்துனாங்க மிஸ். படிப்பு ஏறல, ஏறலன்னு சொல்லித்தான் நிறுத்துனாங்க. எனக்காவது பதினொரு வயசு. இவளுக்கு நாலு வயசுலயே அதச் சொல்லிட்டாங்கன்னா எப்புடி மிஸ்? அவங்கப்பா இப்பவே அவ்ளோதான் வுடுன்றாரு."

"நான் எழுத வைக்கிறேன் வசந்தா. டிசி வராது" என்று சொல்லிவிட்டேன். யாரைக் கேட்டுச் சொன்னேன் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன்.

வாக்குக் கொடுத்தவள் அடுத்து என்ன செய்வாள்? திருட்டுத்தனம். டிசம்பரில் ஒருநாள், யாழினியின் கையை என் கைக்குள் வைத்து, பென்சிலைப் பிடித்து, ஒரு முழுப் பக்கம் ஸ்டாண்டிங் லைன் போட்டேன். அவள் கை என் கைக்குள் சும்மா வந்துகொண்டிருந்தது. முகத்தை மட்டும் அருவருப்பாக வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மதாம் ஸ்கேலை வைத்தார்.

"எல்லாக் காலும் தரையில இருக்குது."

எனக்கு உயிர் வந்தது.

"நாலு வயசுக் கொழந்த போட்ட கோடு எங்கியாவது ஒரு எடத்துல நடுங்கும், லூர்து. இதுல ஒண்ணுகூட நடுங்கல. அலோர், இது ஒன் கை."

ஸ்கேலை ஓரத்தில் வைத்து அந்தப் பக்கத்தைப் பிசிறில்லாமல் கிழித்து எடுத்து என்னிடமே கொடுத்தார். வேலையை விட்டு அனுப்பியிருந்தால்கூட அவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டேன்.

அதற்கிடையில் எழுத்து நேரத்தில் யாழினி சும்மா உட்கார்ந்து, பக்கத்திலிருப்பவர்கள் நோட்டை எட்டிப் பார்க்கிறாள் என்று, அவளை வெளியே நடையில் அஞ்சலை அக்காவோடு உட்கார வைத்திருந்தேன். வகுப்புக்கு வெளியேதான் ஷூ விடும் இடம். சிவப்புச் சிமெண்டுத் தரை பளபளவென்று இருக்க வேண்டும் என்பதால் யாரும் ஷூவோடு உள்ளே வரக் கூடாது. நாற்பது ஜோடி கறுப்பு ஷூ, எல்லாம் ஒட்டுப் பட்டை வைத்தது, எல்லாம் ஒரே கடையில் வாங்கியது. பன்னிரண்டரைக்கு மணி அடித்ததும் அவனவன் கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடுவான். சாயங்காலம் கேட்டில் புகார் வரும். "எங்க புள்ள ரெண்டு எடது கால் ஷூவோட வந்திருக்குது மிஸ்." பள்ளிக்கு வந்த புகார்களில் பாதி எழுத்தைப் பற்றி, மீதி ஷூவைப் பற்றி.

தீபாவளிக்குப் பிறகு ஷூ புகார் நின்றுவிட்டது. நான் கவனித்தேன். அஞ்சலை அக்காவுக்குத்தான் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்து, நாலு பேர் முன்னால் பாராட்டினேன். அவரும் "ஏதோ என்னால முடிஞ்சது" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

ஜனவரி முதல் வாரத்தில் அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. பொங்கலுக்குப் பத்து நாள்கூட இல்லை. பீரோ திறந்தது. மதாம் என்னைக் கூப்பிட்டு, "வெளையாட்டுப் பாடத்துக்குக் காயே எழுது" என்றார். ஆற அமர எழுதினேன். நோக்கம், துணைக்கருவி, செயல்பாடு, மதிப்பீடு. செயல்பாட்டில் நான் எழுதியதை ஒரு வரி மாறாமல் சொல்கிறேன்: ஆசிரியர் ஒன்று என்றதும் கட்டையை எடுத்தல். இரண்டு என்றதும் மேலே வைத்தல். மூன்று என்றதும் புன்னகைத்தல்.

மூன்று நாள் ஒத்திகை. விளையாடக் கற்றுக்கொடுப்பது எழுதக் கற்றுக்கொடுப்பதைவிடக் கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. கட்டையை எடுத்த பிள்ளை அதைத் தொடலாமா என்று என்னைப் பார்க்கும். மூன்று என்றதும் நாற்பது பேரும் ஒரே சமயத்தில் பல்லைக் காட்டுவார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், பயமாக இருந்தது. "என்ன கட்டுற?" என்று கேட்டால் "ஹவுஸ்" என்று சொல்லவும் பழக்கினோம். யாழினிக்கு அன்று லீவு என்று முடிவு செய்தார் மதாம். வசந்தாவுக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை, அனுப்பிவிட்டாள். "அஞ்சலையோட இருக்கட்டும். உள்ள வர வேணாம்" என்றார் மதாம்.

அதிகாரி ஐம்பது வயது அம்மா. கையில் குடை, தோளில் பை, சத்தமில்லாத பேச்சு. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, குழந்தைகளோடு பாயிலேயே உட்கார்ந்துவிட்டார். இது எங்கள் ஒத்திகையில் இல்லை. நான் ஒன்று என்றேன், எடுத்தார்கள். இரண்டு என்றேன், வைத்தார்கள். மூன்று என்றேன். அதிகாரி அந்த முப்பத்தொன்பது புன்னகையையும் பார்த்து, கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நீ என்னம்மா கட்டுற?"

"ஹவுஸ்."

"நீ?"

"ஹவுஸ்."

கையில் கரடியை வைத்திருந்த ஹரிஷிடம், "நீ என்ன பண்ற?" என்றார்.

"ஹவுஸ்" என்றான் ஹரிஷ்.

அத்தோடு விட்டிருக்கலாம். கோரிமேட்டு டாக்டர் வீட்டுப் பையன் பிரவீன் கையைத் தூக்கினான். "மிஸ், இத எப்பத் திருப்பி பீரோல வைக்கணும்? நோட்டு எப்பக் குடுப்பீங்க?"

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மதாமைப் பார்த்தேன். மதாம் சுவரில் இருந்த ஏசு படத்தைப் பார்த்தார். அதிகாரி ஃபைலை மூடி, எழுந்து வெளியே போனார். எங்கள் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

வெளியே போனவர் அங்கேயே நின்றுவிட்டார். நாங்கள் பின்னால் போய்ப் பார்த்தால், நடை நெடுக ஷூ. நாற்பது ஜோடி, ஜோடி ஜோடியாக, பெரியதிலிருந்து சின்னது வரை இறங்குவரிசையில், முனை எல்லாம் வெளிப்பக்கம் பார்த்து. முதலில் மதாம் செருப்பு, அடுத்து அதிகாரி செருப்பு, அடுத்து என்னுடையது. கடைசியில் யாழினி குந்திக்கொண்டு ஒரு ஷூவின் பட்டையை ஒட்டிக்கொண்டிருந்தாள். அஞ்சலை அக்கா தூணில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார்.

அதிகாரி அவள் பக்கத்தில் குந்தி, நடுவிலிருந்து ஒரு ஷூவை எடுத்தார். "இது யாரோடது?"

"பிரவீனோடது. அவன் முன்னாடி தேச்சித் தேச்சி நடப்பான், அதான் முன்னால வெள்ளையா இருக்குது."

"இது?"

"தர்ஷினி. பட்டைய பல்லால இழுப்பா."

அதிகாரி பத்து ஜோடியைக் கலைத்துப் போட்டார். யாழினி அவரை ஒரு பார்வை பார்த்தாள். வேலை கெடுக்க வந்த ஆளைப் பார்க்கும் பார்வை. பிறகு சட்டுசட்டென்று அடுக்கி முடித்தாள்.

"மதாம், இது உங்க பாடத்திட்டத்துல இருக்குதா?"

மதாம் கண் இமைக்கவில்லை. "தினமும் நடக்குது."

கண் விழித்த அஞ்சலை அக்கா நிலைமை புரியாமல் உண்மையைப் போட்டு உடைத்தார். "ஆமாங்க, தினமும் இந்தப் பொண்ணுதாங்க அடுக்குது. நான் தொடறதே இல்ல."

"அப்ப லெசன் பிளான் இருக்குமே, பாக்கலாமா?"

"லூர்து, காயே" என்றார் மதாம்.

ஆபீசுக்கு ஓடினேன். மைப் பேனாவைத் திறந்தேன். ஜோடி சேர்த்தல், வரிசைப்படுத்தல், கூர்ந்து நோக்கல். துணைக்கருவி: காலணி. எழுத்தின் கால் எதுவும் தரையில் இல்லை. ஊதிக்கொண்டே ஓடி வந்து நீட்டினேன். அதிகாரி பக்கத்தில் கட்டைவிரலை வைத்துப் படித்தார், விரலை எடுத்தார், விரலில் நீல மை. அதை நிதானமாகப் பார்த்தார். கைக்குட்டையால் துடைத்தார். மையைப் பற்றிக் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"இவ்ளோ நல்லாச் செய்யற கொழந்த ஏன் வகுப்புக்கு வெளியில இருக்குது?"

மதாம் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. "யாழினி எழுத மாட்டேங்கறா மேடம். பொங்கலுக்குள்ள ஒரு பக்கம் எழுதலன்னா டிசி. இவங்கம்மாவுக்கு நான் வாக்குக் குடுத்துட்டேன்."

அதிகாரி ஃபைலைத் திறந்து எழுதினார். நிமிர்ந்து, "அடுத்த வருஷம் வருவேன். வந்ததும் மொதல்ல இந்தக் கொழந்தயத்தான் கேப்பேன். யாழினின்னு பேரோட எழுதியிருக்கேன்" என்றார். குடையை எடுத்துக்கொண்டு, தனக்காகத் திருப்பி வைத்திருந்த செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு போனார். அங்கீகாரம் கிடைத்தது. டிசி நின்றது.

மதாம் என்னை அறைக்குள் கூப்பிட்டார். அலோர் வரும் என்று நின்றேன். வரவில்லை. பீரோ சாவியைக் கழற்றி மேசை மேல் வைத்து, என் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான்.

இத்தோடு சுபம் என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் காலையில் வசந்தா வந்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். முகம் சிவந்திருந்தது.

"எம் பொண்ண செருப்பு அடுக்க வச்சீங்களா மிஸ்? எல்லார் புள்ளையும் உள்ள உக்காந்து படிக்குது, எம் பொண்ணு மட்டும் வெளியில உக்காந்து அடுத்தவங்க செருப்ப எடுத்து வைக்குதா? அதுக்காகவா இங்க சேத்தேன்?"

அவள் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். நாங்கள் கூர்ந்து நோக்கல் என்று பேர் வைத்துப் பெருமைப்பட்டதில் இது எங்கள் புத்தியில் ஏறவே இல்லை. நான் அழுதுவிட்டேன். மதாம் வந்து வசந்தா முன் நின்றார்.

"நீ கேட்டது சரி. தப்பு எங்க மேல. நாளையிலேர்ந்து எல்லாரும் அடுக்குவாங்க. மொதல்ல நான்."

சொன்னபடி மறுநாள் பன்னிரண்டு மணிக்கு, அந்த வெள்ளைப் புடவையோடு, நடையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார் மதாம். டாக்டர் மகன் பிரவீன் ஷூவைத் துடைத்து ஜோடி சேர்த்தார். பிரவீன் மதாம் செருப்பை எடுத்து வைத்தான். நான் எல்லாருடையதையும் மாற்றி வைத்து யாழினியிடம் திட்டு வாங்கினேன். அது நாற்பது பேரும் செய்கிற பாடமாகிவிட்டது. கேட்டில் கொஞ்ச நாள் முணுமுணுப்பு. "ஷூ அடுக்கறதுக்கா ஸ்கூலு?" என்றார்கள். வீட்டுக்கு இரண்டு இடது கால் ஷூ வராததால் அடங்கினார்கள். வசந்தா மூன்று நாள் கேட்டில் நின்று பார்த்துவிட்டு, நாலாம் நாள் நிற்காமல் கம்பெனிக்குப் போனாள்.

ஜூனில் யு.கே.ஜி. அந்த வருடம் நானே அவர்களோடு போனேன். யு.கே.ஜி.யில் சொந்தப் பென்சில் பாக்ஸ் கொண்டுவரலாம். முதல் நாள், முதல் பீரியட். யாழினி பாக்ஸைத் திறந்தாள், புதுப் பென்சிலை எடுத்தாள், நோட்டைத் திறந்தாள், எழுதினாள். ஏ, பி, சி, டி. நிற்காமல். நான் ஆடுகிற நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன்டி, போன வருஷம் ஏன் எழுதல?"

"இது என் பென்சில் மிஸ்."

"அது?"

"டின்னு பென்சிலா? அது எல்லாம் கடிச்சது மிஸ். நீலம் ஹரிஷ் கடிச்சது. பச்ச தர்ஷினி கடிச்சது. செவப்பு நீங்க கடிச்சது."

கையில் பென்சில் இருந்தால் பின்முனையை மெல்லுவது என் பழக்கம். இன்னும் போகவில்லை.

"அத அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலியே மிஸ். எழுது எழுதுன்னுதான சொன்னீங்க?"

மதாமிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து பிஸ்கட் டின்னைத் திறந்து, ஒவ்வொரு பென்சிலாக எடுத்து, பின்முனையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாற்பதிலும் பல் தடம். ஒரு வருடமாக ஒவ்வொரு பக்கத்தையும் அதே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர். "அலோர்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அன்றே ஒவ்வொரு பென்சிலிலும் பெயர் ஒட்டச் சொன்னார்.

மதாம் போய்ச் சேர்ந்து சில வருடமாகிறது. அந்த மர ஸ்கேலை எனக்கென்று எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாராம்.

போன வருடம் எனக்குப் பிரிவு உபசார விழா. வந்தவர்கள் வாழ்த்து எழுத நோட்டு வேண்டும் என்று கடைசி நேரத்தில் ஞாபகம் வந்து, ஷாலினி ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு நாலுவரி நோட்டை எடுத்து வந்து வைத்தாள். யாழினி வந்தாள். கோரிமேட்டில் நர்சிங் படிக்கிறாள். வசந்தாவும் வந்தாள்; என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எழுதச் சொல்லி என் பேனாவை நீட்டினேன். யாழினி அதன் மூடியை ஒரு திருப்பு திருப்பிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் பையிலிருந்து தன் பேனாவை எடுத்தாள். நெடுநேரம் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். நீங்கள் எனக்கு அம்மா மாதிரி, உங்கள் சேவை பெரிது என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் வார்த்தையே இல்லை. மேலிருந்து கீழ் வரை, வரி விடாமல், ஸ்டாண்டிங் லைன். அடியில் சின்னதாக: எல்.கே.ஜி. பாக்கி ஒரு பக்கம். யாழினி.

மதாம் ஸ்கேலை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்துப் பார்த்தேன். எல்லாக் காலும் தரையில் இருந்தது. நாலாவது வரியில் ஒரு கோடு மட்டும் கொஞ்சம் நடுங்கியிருந்தது. அவள் கைதான். சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து ஸ்டார் போட்டேன்.